குருவி குளிக்கும் கல்

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி மகளின் போன் வந்தபோது சலூன்காரர் வாடிக்கைக்காரர் ஒருவருடைய தாடையில் பாதி நுரை பூசி நின்றிருந்தார்.

“நர்ஸ் பிளாஸ்டிக் ரேஸரோட வந்தாங்க பெரியப்பா. அப்பா முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. மழிச்சா அண்ணன்தான் மழிக்கணுமாம். டாக்டர் இன்னைக்குத் தாண்டறதே கஷ்டம்னுட்டாரு. சீக்கிரம் வந்துடுங்க.”

“வர்றேன்” என்றார். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது.

முன்பு இதே கடையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது, அப்பா விட்டுப்போன தீட்டுக்கல்லைத் தம்பி தூக்கிக் காட்டினான். கத்தி தீட்டித் தீட்டி நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. “இதுல தண்ணி ஊத்தினா குருவி வந்து குளிச்சிட்டுப் போகும்ணே” என்றான். கடையே சிரித்தது. சிரித்ததுகூடப் பெரிதில்லை. அப்பன் கல்லை அந்நியர் நடுவே கேலி செய்தவனை எந்த அண்ணன் பொறுப்பான்? அன்றைக்கே அவனுடைய சாமான்களை வாசலில் எடுத்து வைத்தார். அவனும் திரும்பிப் பார்க்காமல் போனான். ரோஷத்தில் ஒரே ரத்தம்.

வந்தவருக்கு மழித்து அனுப்பிவிட்டுக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போனார். மனைவி பையோடு தயாராக நின்றாள். அவரோ தரையில் கனத்த கண்ணாடியைப் போட்டு, அதன்மேல் உப்புத்தாளை நனைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இப்பப் போயி என்ன செய்யறீங்க?”

“கல்லை மட்டப்படுத்தணும்.”

“காலையில இந்தக் கத்தியாலதானே மழிச்சீங்க? ஒருத்தரும் ஆன்னு கத்தலையே.”

“வாடிக்கைக்காரனுக்கு அது போதும். அவன் தொழில்காரன். கன்னத்துல வச்சதுமே பள்ளக் கல்லுல தீட்டினதுன்னு கண்டுபிடிச்சிடுவான். சாகறப்பவும் குருவின்னு சொல்லிட்டுத்தான் சாவான்.”

“சொல்லட்டுமே. சொல்றதுக்கு அவரு இருக்கணும்ல?”

அவர் கல்லை எடுத்தார். கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, தாளில் கவிழ்த்துத் தேய்க்க ஆரம்பித்தார். மலையில் வெட்டி எடுத்த கல், லேசில் தேயாது. சாம்பல் நிறச் சேறு கசிந்தது. ஓரத்துக் கோடுகள் சீக்கிரம் போயின. நடுப் பள்ளத்துக் கோடுகள் அசையவில்லை. தாள் மாற்றினார். மனைவி பையைக் கீழே வைத்தாள். போன் இரண்டு தடவை அடித்தது. அவள் எடுத்து, “கிளம்பிட்டே இருக்கோம்மா” என்று பொய் சொன்னாள்.

வெயில் சாய்ந்த பிறகு கடைசிக் கோடும் அழிந்தது. கல் கண்ணாடிபோல் மட்டமாகியிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பாவின் கத்தியை எடுத்து அதில் நாலு இழுப்பு இழுத்தார். முன்கை முடியில் வைத்துப் பார்த்தார். வெட்டவில்லை.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. இத்தனை வருடம் பள்ளத்தில் புரண்ட கத்தி, பள்ளத்துக்கு ஏற்றபடி வயிறு தள்ளி வளைந்திருந்தது. மட்டமான கல்லில் அந்த வயிறு மட்டும்தான் பட்டது. நுனியும் அடியும் அந்தரத்தில் நின்றன. கல்லைப் பள்ளத்தோடு விட்டிருந்தால் கத்தி பேசாமல் வேலை செய்திருக்கும். இனி அந்த வளைவைத் தேய்த்து நேராக்க வேண்டும். அது ஒரு பொழுதில் முடிகிற காரியமில்லை. கடையில் வேறு கத்தியும் இல்லை. அப்பன் கத்தியோடு இன்னொன்றைச் சேர்த்து வைக்க அவருடைய கௌரவம் விட்டதில்லை.

தண்ணீர் விட்டு மறுபடி இழுக்கத் தொடங்கினார்.

மறுபடி போன் அடித்தது. மனைவி எடுத்தாள். கேட்டாள், வைத்தாள். கதவோரம் வந்து நின்றாள்.

“ஏங்க. இனிமே அவசரம் இல்ல.”

அவர் கை நிற்கவில்லை.

“மழிக்காமலே போயிட்டாரு. அந்தப் பொண்ணு அழுவுது. எழுந்திரிங்க. இருக்கிற கத்தியை எடுத்துக்கிட்டு வாங்க.”

“இது முடியைப் பிடிச்சு இழுக்கும்.”

“இழுத்தா இனிமே அவருக்குத் தெரியவா போவுது?”

கத்தி கல்லின்மேல் அப்படியே நின்றது. அவர் அதை எடுத்துத் துடைத்து மடக்கினார். செம்பிலிருந்த மிச்சத் தண்ணீரைக் கல்லின் நடுவில் ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடத் தங்காமல், நாலு பக்கமும் வழிந்து தரையில் போனது.