அளவுகோலுக்கு உறை தைத்தவள்

எங்கள் வெள்ளத் தடுப்புக் கூட்டுக் குழுவில் எல்லோருமே புத்திசாலிகள். வினையே அதுதான்.

குழுவில் இரண்டு தெரு: மேட்டுத் தெருவும் எங்கள் பள்ளத் தெருவும். கால்வாய் நிரம்பினால் மதகைத் திறந்து, மேட்டுத் தெருக்காரர்கள் கார் நிறுத்தும் மைதானத்துக்குத் தண்ணீரைத் திருப்ப வேண்டும். திறக்காவிட்டால் அது எங்கள் வீட்டுக்குள் வரும். காரா, கட்டிலா என்று மழைக்கு மழை வாய்ச்சண்டை. அதை ஒழிக்கத்தான் விதி எழுதினோம். அளவுகோலின் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டுப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். இரண்டு தெருக்காரர்களும் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம்தான் மதகு.

முதலில் கோலைக் கால்வாய்க்குள்தான் நட்டிருந்தோம். போன வருட வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. புதுக் கோல் வந்ததும், "இதையாவது பத்திரமா வெக்கணும்மா" என்றார் குழுத் தலைவர். அவர் என் கணவரின் அண்ணன், மேட்டுத் தெருக்காரர், பரீட்சை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குழு அறை முதல் மாடியில் இருந்தது. தரையைக் கழுவும்போது ஈரம் படக்கூடாதே என்று, கோலை அங்கே உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு போல்ட் போட்டு முடுக்கினோம். ஏகமனதாகக் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். அதோடு விட்டேனா? தையல்காரி ஆயிற்றே, தூசி படாமல் இருக்க நீலத் துணியில் உறையும் தைத்துக் கொடுத்தேன்.

இந்த வருட மழையின் மூன்றாம் நாள் காலை கூட்டம் போட்டோம். கீழே எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். தலைவர் உறையைக் கழற்றிக் கோலைத் தடவிப் பார்த்தார்.

"வெள்ளம் இன்னும் வரல."

அப்போது தங்கை போன் செய்தாள். அம்மா இடுப்பெலும்பு உடைந்து படுத்த படுக்கையாக இருந்தாள். கட்டிலை விட்டு நகர்த்தவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. "அக்கா, கட்டில் காலுக்கு ரெண்டு ரெண்டு செங்கல் வெச்சாச்சு. இன்னும் ரெண்டு வரிசைக்குத்தான் கல்லு இருக்கு."

"மாமா, எங்கம்மா கட்டில் வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. மதகைத் திறங்க," என்றேன் தலைவரிடம்.

"நான் வேண்டாம்னா சொல்றேன்? கோட்டத் தொடணுமேம்மா."

"கோலக் கழட்டிக் கீழ கொண்டு போலாமே," என்றார் எங்கள் தெரு பிளம்பர்.

"கழட்டறதுக்குத் தனித் தீர்மானம். ஏழு நாள் நோட்டீஸ் குடுக்கணும்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. படியிறங்கி, தெருத் தண்ணீரை ஒரு வாளி மொண்டு வந்து, கோலுக்கு அடியில் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் கோட்டைத் தொட்டது. தலைவர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். தண்ணீர் எந்த வழியாக வர வேண்டும் என்று அதில் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம்."

மூன்றாவது நிமிடத்தில் வாளி கனத்தது. பிளம்பர் ஒரு பக்கம் பிடித்தார். எட்டாவது நிமிடத்தில் வாளி சரியப் பார்த்தபோது தலைவரே ஓடி வந்து அடியில் தோள் கொடுத்தார். "விட்டுடாதம்மா. கோடு விட்டா முதல்லேருந்து எண்ணணும்."

தலைவர் இடுப்பிலிருந்த சாவியால் மதகைத் திறந்தார். அம்மா நான்காவது செங்கல்லில் பிழைத்தாள். வெள்ளம் முதல் மாடி வரை வந்ததாகக் குழுவின் குறிப்பேடு சொல்கிறது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் தன் தவற்றை ஒப்புக்கொண்டார். ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோல் இருக்க வேண்டும் என்றார். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, அம்மாவின் கட்டில் காலிலேயே கோலை முடுக்குவது என்று தீர்மானம் போட்டோம். கை தூக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மழை இரண்டே வாரத்தில் வந்தது. குழு மொத்தமும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அம்மாவின் அறையில் நின்றது. தண்ணீர் ஏறியது. அக்கம்பக்கத்தார் கட்டிலைத் தூக்க, தங்கை செங்கல் வைத்தாள். மறுபடி ஏறியது. மறுபடி வைத்தாள். எல்லோரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏண்டி," என்றாள் அம்மா. "கட்டில் ஏறினா அந்தக் கோலும் கூடவே ஏறுது. அப்புறம் எப்படித் தொடும்?"

தலைவர் குனிந்து கோலையும் செங்கல்லையும் பார்த்தார்.

"சரிதான்," என்றார் தலைவர். "வெள்ளம் முடியற வரைக்கும் கட்டிலத் தூக்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போட்டுடலாம். ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. பழக்க தோஷம், என் கையும் தோள் வரை போய்விட்டது. அம்மா அந்தக் கையையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கையை இறக்கினேன். அறை மூலையிலிருந்த என் தையல் மெஷின் டிராயரிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தண்ணீரில் முட்டி போட்டுக் கோலைக் கழற்றினேன். தரையில் ஊன்றிப் பிடித்தேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் தண்ணீர் நின்றது.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம்."

கோலை அவர் கையில் திணித்துவிட்டு, அவர் இடுப்பிலிருந்த மதகுச் சாவியை உருவிக்கொண்டேன்.

"நீங்க எண்ணிட்டு இருங்க மாமா," என்றேன்.