பள்ளத்து லில்லியும் மூச்சடைத்த புல்வெட்டியும்

ஊர் அலுவலகத்தார் என் கதவில் ஒரு மஞ்சள் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சாலையோரப் பள்ளத்தில் என் புல் பத்து அங்குலத்தைத் தாண்டிவிட்டதாம். வியாழன் நண்பகலுக்குள் வெட்டாவிட்டால் அவர்களே டிராக்டர் அனுப்பி மொட்டையடித்துவிடுவார்களாம். அயோவாவில் ஜூன் மாதப் புல் எப்படி வளரும் என்று அங்கே ஒருவருக்குமா தெரியாது? பக்கத்து வீட்டு டெல்மரின் நாய் திங்கட்கிழமை அந்தப் புல்லுக்குள் போனது. புதன்கிழமைதான் வெளியே வந்தது, அதுவும் வேறொரு வீட்டுக்கு.

டிராக்டருக்குப் புல்லும் ஒன்றுதான், பூவும் ஒன்றுதான். பள்ளத்துச் சரிவில் என் மனைவி வெர்னா நட்ட ஆரஞ்சு லில்லிகள் அந்த வாரம்தான் மொட்டுவிட்டிருந்தன. அவற்றைச் சுற்றி நறுக்க நைலான் நரம்பு சுழலும் என் பெட்ரோல் புல்வெட்டி வேண்டும். அதுவோ, கயிற்றை இழுத்தால் கிளம்பும், பூனைபோல உறுமும், ஆக்சிலரேட்டரை அமுக்கியதும் செத்துப்போகும். இரண்டு வருடமாக அதற்கு மூச்சிரைப்பு. இப்போது மூச்சே இல்லை.

குற்றவாளி யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பெட்ரோல்தான். சோளத்தை நாம் விளைவிக்க, அதைச் சாராயமாக்கி, பெட்ரோலில் கலந்து நம் மெஷினுக்கே ஊற்றுகிறார்கள். பெட்ரோல் பங்க்கில் போய் அரை மணி நேரம் நியாயம் கேட்டேன். பழையதைக் கொட்டி, சாராயம் கலக்காததை வாங்கி, ஐம்பது பங்குக்கு ஒரு பங்கு ஆயில் சேர்த்தேன். ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன். ஏர் ஃபில்டரைக் கழுவினேன். செவ்வாய் முழுக்கக் கயிற்றை இழுத்ததில் என் வலது கை இரண்டு அங்குலம் நீண்டுவிட்டது. இப்போதும் சட்டை தைக்கத் தனி அளவுதான். டெல்மர் தன் பேட்டரி மெஷினைத் தருவதாகச் சொன்னான். பேட்டரியில் ஓடுகிற டூத் பிரஷ்போல முனகுகிற சாமானைக் கையால் தொடமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

"சைலன்சரைக் கழட்டிப் பாரு, ஹார்லன்" என்றாள் வெர்னா. "அது வாயில ஒரு வலை இருக்கும். கரி அடைச்சிருக்கும்."

நாற்பது வருடம் அறுவடை மெஷின் ஓட்டியவனுக்குப் பாடமா? எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

"மெஷினோட வந்த புத்தகத்துலதான். படிக்கத்தானே குடுக்கறாங்க."

அவள் சொன்னாள் என்ற ஒரே காரணத்தால் இரண்டு நாள் சைலன்சர் பக்கமே போகவில்லை.

வியாழன் பதினோரு மணிக்கே டிராக்டர் வந்து நின்றது. ஓட்டிவந்த டுவேன் சாண்ட்விச்சைப் பிரித்தான். வெர்னா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் லில்லிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

"முதல்ல என்மேல ஏத்துப்பா. அப்புறம் பூமேல ஏத்திக்கலாம்."

"பன்னெண்டு வரைக்கும் எனக்கு வேலை இல்லைங்க" என்றான் அவன், மென்றுகொண்டே.

வேறு வழியில்லாமல் சைலன்சரைக் கழற்றினேன். உள்ளே கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு கம்பி வலை, தீப்பொறி வெளியே தெறிக்காமலிருக்க வைத்தது. கருகிய ரொட்டிபோல ஒரு துளைகூட இல்லாமல் அடைத்துக் கிடந்தது. அடுப்புத் தீயில் காட்டிக் கரியை எரித்து, ஒரு டூத் பிரஷால் தேய்த்தேன். யாருடைய பிரஷ் என்பது இங்கே தேவையில்லை. வெர்னா நாற்காலியில் இருந்தபடியே அந்தப் புத்தகத்தால் விசிறிக்கொண்டாள். அதைவிட அவமானம் உண்டா?

ஒரே இழுப்பு. அந்தச் சத்தத்தில் பக்கத்து மாவட்டத்துக் கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை என்று கேள்வி. டுவேன் இறங்கி வந்து வெர்னாவின் நாற்காலியைச் சாலைக்கு மாற்றினான். பத்தே நிமிடத்தில் பள்ளத்தை மழித்துவிட்டு லில்லிப் பக்கம் திரும்பினேன். மூச்சிரைக்கிற மெஷினை இரண்டு வருடம் ஓட்டிய விரல், வழக்கம்போல ஆக்சிலரேட்டரை முழுதாக அமுக்கியது. மெஷினுக்குத்தான் புதுப்பலம். விரலை எடுப்பதற்குள் பதினோரு தண்டு சாய்ந்துவிட்டது.

டுவேன் புல்லை அளந்து, சரி என்று எழுதிக்கொண்டு, மிச்ச சாண்ட்விச்சுடன் போய்விட்டான். வெர்னா தண்டுகளைப் பொறுக்கினாள்.

"டிராக்டராவது என்னைப் பார்த்து நின்னிருக்கும், ஹார்லன்."

அவற்றை ஜாடியில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்கு எதிரே வைத்தாள். வெட்டிய பூ என்றால் இரண்டு நாளில் வாட வேண்டாமா? மூன்று வாரமாகத் தினம் ஒரு மொட்டு விரிகிறது, நான் உட்காரும் நேரம் பார்த்து. இது சுத்த அநியாயம்.