தமிழ்மாறன் தலைமேல் ஒரு வேண்டுதல்

கன்னியப்பனுக்கு நெஞ்சில் மூன்று இடத்தில் அடைப்பு. திங்கட்கிழமை காலை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் மனுஷன் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் திசையில்கூடத் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று வீராம்பட்டினத்து வீட்டில் சட்டமாக உட்கார்ந்துவிட்டான். ஏன் என்று கேட்டால், புதுச்சேரி உப்பளத்தில் குடியிருக்கும் தமிழ்மாறனின் தலைமுடியைக் காரணம் காட்டினான்.

சனிக்கிழமை விடிந்ததும் அவன் மனைவி துர்கா தமிழ்மாறன் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, நீங்க ஆத்தாளுக்கு மொட்டை போட்டாத்தான் அவரு கத்திக்குக் கீழ படுப்பாராம். வேண்டுதல அப்படியே வச்சிட்டு மயக்க ஊசி போட்டுக்கினா கண்ணே முழிக்க மாட்டாராம். இன்னும் தள்ளிப்போட்டா உசுருக்கு உத்தரவாதம் இல்லன்றாரு டாக்டரு."

"அவனுக்கு மூளையிலதான் அடைப்பு. அதை மொதல்ல எடுக்கச் சொல்லு," என்றான் தமிழ்மாறன். சொல்லிக்கொண்டே சட்டையையும் மாட்டிக்கொண்டான்.

தமிழ்மாறன் யார் என்று சொல்லாமல் மேலே போக முடியாது. பஞ்சாலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டில் சாமி படம் கிடையாது. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். இவன் இந்தியப் பட்டாளம்தான் என்றாலும் தெருவில் இவனுக்கும் அதே பேர், பிரெஞ்சுப் பென்ஷன் மட்டும் இல்லை. பகுத்தறிவு வட்டத்தின் கூட்டங்களில் மைக் கையில் கிடைத்தால் விடமாட்டான். சாவு எதிரில் வந்து நின்றால் நாத்திகனும் சாமியைக் கூப்பிடுவான் என்று யாராவது சொன்னால் போதும், "கார்கில்ல குண்டு விழுந்தப்பகூட நான் எந்தச் சாமியையும் கூப்பிடல!" என்று முழங்குவான். கைதட்டல் அள்ளும். போதாக்குறைக்கு, ஐம்பதை நெருங்கியும் நரைக்காத அடர்த்தியான முடி வேறு. அதை அவன் வாரிவிட்டுக்கொள்ளும் அழகைப் பார்த்து, "உங்களுக்குக் கொள்கை பெருசா, கிராப்பு பெருசா?" என்று மனைவி சுடர்விழி கேட்பது வழக்கம்.

மேடையில் அவன் சொல்வது பொய் இல்லை. ஆனால் பாதிக் கதைதான்.

அன்று மலைமேல் பங்கருக்குள் இருந்தது அவனும், அதே பட்டாளத்தில் இருந்த கன்னியப்பனும் மட்டும். பக்கத்தில் விழுந்த குண்டிலிருந்து சிதறிய துண்டு ஒன்று தமிழ்மாறனின் தொடையைக் கிழித்துவிட்டது. ரத்தம் கொட்டியது. கட்டுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு கன்னியப்பன் வெடவெடவென்று நடுங்கினான். பொழுது விடிந்தால் ஆத்தா, பொழுது போனால் ஆத்தா என்று இருந்தவன், "முடிஞ்சிபோச்சு மாறா, ஆத்தா நம்மள கைவுட்டுட்டா," என்று அழுதான். தமிழ்மாறன்தான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "டேய், உங்க ஆத்தாகிட்ட வேண்டிக்கடா. நான் பொழச்சா எனக்கு மொட்டை போடறன்னு சொல்லு. சீக்கிரம் சொல்லித் தொலைடா, ரத்தம் போவுது!" கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். சொன்னதும் நடுக்கம் நின்றது. கட்டை இறுக்கிக் கட்டி, ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டான்.

காப்பாற்றியது கட்டா, ஆத்தாவா என்ற வழக்கு கால் நூற்றாண்டாக நடக்கிறது. கன்னியப்பன் இப்போது தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறான். மீன் வரத்து குறைந்தாலும், பைக் பஞ்சரானாலும், மகள் பரீட்சையில் கோட்டை விட்டாலும், "எல்லாம் உன் முடியாலதான்" என்று போன் வரும். "வேண்டிக்கினது நீ, மொட்டையும் நீயே போட்டுக்க" என்று தமிழ்மாறன் போனை வைத்துவிடுவான். இரண்டு பேருக்குமே அதில் ஒரு சந்தோஷம். இந்தத் தடவைதான் அது விளையாட்டாக இல்லை.

வீராம்பட்டினத்துக்குப் போன வேகத்தில் சண்டையை ஆரம்பித்தான் தமிழ்மாறன்.

"ரத்தக்குழாய் அடைச்சிக்கினா ஆபரேஷன் பண்ணணும். இதுல எம்முடி எங்கடா வந்துச்சு? தெனம் பொரிச்ச மீனும் பீடியுமா உள்ள தள்ளுனது யாரு, ஆத்தாளா?"

"நீ எதனா பேசிக்கோ. நான் வரமாட்டேன்."

"செத்துடுவடா!"

"தெரியும்," என்றான் கன்னியப்பன். துர்கா நீட்டிய காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான். அப்படியும் காபி தளும்பி லுங்கியில் கொட்டியது.

இவன் அடம்பிடிக்கவில்லை, பயந்துபோயிருக்கிறான் என்று தமிழ்மாறனுக்கு அப்போதுதான் உறைத்தது. கன்னியப்பன் இல்லாத ஊரை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மேடை, மைக், கைதட்டல் எல்லாம் ஒரு நிமிஷம் கண்முன்னால் வந்து போயின.

"எழுந்து வாடா கோயிலுக்கு," என்றான்.

அம்மன் கோயிலில் மொட்டை அடிக்கும் கண்ணையன், தமிழ்மாறன் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, "நல்லா வேண்டிக்கங்க சார்," என்றார். "நீங்க கத்தியப் போடுங்க," என்றான் தமிழ்மாறன். கன்னியப்பன் எதிரில் உட்கார்ந்து, கல்யாண வீட்டுக்காரன் மாதிரி பல்லெல்லாம் தெரிய மொபைலில் படம் பிடித்தான். பிடித்ததோடு நிற்காமல் ஊருக்கெல்லாம் அனுப்பியும் விட்டான். பாதித் தலை பாக்கி இருக்கும்போதே பகுத்தறிவு வட்டச் செயலாளர் இளம்பரிதியிடமிருந்து போன்.

"தோழர், போட்டோ பார்த்தேன். பொடுகுக்காக எடுத்தீங்கன்னு சொல்லிடலாமா?"

"எதுக்குப் பொய்? வேண்டுதல்னே சொல்லு. கூட்டத்துல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

வெளியே வந்து கடற்கரை மணலில் உட்கார்ந்ததும், கன்னியப்பன் அந்த மொட்டைத் தலையை ஆசையாகத் தடவிப் பார்த்தான்.

"மாறா, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. அன்னிக்கு வேண்டிக்கடான்னு சொன்னியே, உள்ளுக்குள்ள கொஞ்சூண்டாவது நம்புனியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆபரேஷனுக்குப் போகிறவனுக்குத் தெம்பாக இருந்திருக்கும். ஆனால் கன்னியப்பனிடம் பொய் சொல்லித் தமிழ்மாறனுக்குப் பழக்கமில்லை.

"இல்லடா. துளிகூட நம்பல. ஆத்தா பேரச் சொன்னா உன் கை நடுக்கம் நிக்கும்னு நம்புனேன்."

"இப்ப?"

"இப்பவும் நம்பல. நீ பொழைக்கணும், அவ்ளோதான்."

கன்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆத்தாளுக்கு எத்தினி மொட்டை உழுந்திருக்கும்! எல்லாம் தனக்கு எதனா கேட்டுக்கினு வந்த மொட்டை. நம்பாதவன் வந்து அடுத்தவனுக்காகக் குடுத்த மொட்டை உன்னுதுதான்டா. இதுக்கப்புறம் அவ என்னை வுட்டுடுவாளா? கெளம்பு, ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்து வைக்கணும்."

திங்கட்கிழமை ஆபரேஷன் அறைக்கு வெளியே துர்கா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். "நீங்களும் கொஞ்சம் வேண்டிக்கங்கண்ணே," என்றாள்.

"எனக்கு அது வராதும்மா. நீ வேண்டிக்கோ, நான் பக்கத்துலயே இருக்கேன்."

குண்டு விழுந்த அன்றுகூட அவன் இவ்வளவு பயந்ததில்லை. துர்காவுக்குப் பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் இருந்தது. இவன் முழுசையும் தானே சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றதும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

மறுநாள்தான் உள்ளே விட்டார்கள். கன்னியப்பன் வெளுத்துப்போய்க் கிடந்தான்.

"மாறா, ஊசி போடறப்ப ரொம்பப் பயந்துட்டேன்டா. ஆத்தாகிட்ட இன்னொண்ணு வேண்டிக்கினேன்."

"என்னான்னு?"

"ஆடி வெள்ளிக்கு தேர் வடம் புடிச்சி இழுக்கறதுன்னு."

"இழுத்துக்கோ. யாரு வேணான்னா?"

"நெஞ்சப் பொளந்து தச்சிருக்கறாங்க, நான் எப்டி இழுக்கறது? உம்பேரச் சொல்லிட்டேன்."

தமிழ்மாறன் திட்டத்தான் வாயைத் திறந்தான். ஆனால் எதிரில் கிடக்கிறவன் மூச்சு விடுகிறான், பேசுகிறான், மொட்டைத்தலை என்றுகூடப் பார்க்காமல் பழையபடி மிளகாய் அரைக்கிறான். சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு.

"எந்தப் பக்கத்து வடம்டா?" என்று கேட்டான்.