பின்சீட்டில் ஆறரை மூட்டை

டயர்க்கடைச் சுவரில் அந்தச் சக்கரத்தை மாட்டி நான்கு மாதமாகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பல்லக்கா அதை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போவாள். பதினேழு அங்குல அலாய். நடுவிலிருந்து மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாகப் பிரிந்து விளிம்பைத் தொடும். தொடுகிற இடத்தில் ஒரு பிசிறு கிடையாது. வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்குத்தான் அந்த அருமை புரியும்.

அவள் வார்ப்பது சக்கரமல்ல, பல். ஊரிலுள்ள ஐந்து பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுக்கிறாள். முப்பது வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சிரிப்பைச் செய்து அனுப்பியிருக்கிறாள். அவர்களில் பத்துப் பேர் முகத்தைப் பார்த்திருந்தால் அதிகம். வாய் மட்டும் வரும், வாய் மட்டும் போகும். பார்த்த முகங்களில் ஒன்று டயர்க்காரருடையது. கடப்பாரை நழுவி முன்பற்கள் இரண்டும் போய், அவள் கையால் கட்டிக்கொண்டவர். அன்றிலிருந்து அவள் அவருக்குப் பல்லக்கா, அவள் கார் பல்லக்கு.

“வாங்க பல்லக்கா. பல்லக்குக்கு இன்னைக்காவது புதுச் சக்கரம் மாட்டிரலாமா?”

“பழசு இன்னும் கொஞ்ச நாள் தாங்காதா தம்பி?”

அவர் குந்தி உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு எண்களைக் கட்டைவிரலால் துடைத்தார். முதல் இரண்டு எண்கள் டயர் பிறந்த வாரம், அடுத்த இரண்டும் வருடம்.

“ஏழு வருஷம் முடிஞ்சுபோச்சு. ரோட்டுல தேயற பட்டனைப் பாருங்க, நேத்து வாங்கின மாதிரி நிக்குது. பக்கமெல்லாம் வெடிப்பு. ஓடித் தேஞ்ச டயர் எனக்கு தினம் வருது. இது நின்னே கெட்டுப்போன டயர்.”

 ஒருத்திக்கு நாலு கதவு கார் எதற்கு என்று வாங்கும்போதே பலர் கேட்டார்கள். அவளுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை. தங்கை குடும்பத்தை நினைத்துத்தான் அந்தக் காரை வாங்கினாள். ஐந்து வருடம், ஞாயிறு தவறாமல், தங்கை வீட்டுக்காரர் முன்னால் உட்கார, தங்கையும் பையனும் பெண்ணும் பின்னால் அடித்துக்கொள்ள, ஏரிக்கரை வரை போய் வந்தார்கள். பிறகு அவர்களே ஒரு கார் வாங்கினார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, யாரும் யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு வரவில்லை. பிறகு மாதத்துக்கு ஒரு முறை வந்தார்கள். பிறகு, “அடுத்த வாரம் பாக்கலாம்க்கா.” அந்த அடுத்த வாரம் இரண்டு வருடமாக வந்துகொண்டே இருக்கிறது.

“அந்தப் பதினேழு என் வண்டிக்கு உக்காருமா?” என்று கேட்டாள்.

“உக்காரும். ஆனா ஒண்ணு. உங்க கம்பெனிச் சக்கரம் பதினஞ்சு. இது அதைவிட அகலம், கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கும். பின்னாடி ஆள் ஏறினா வண்டி இறங்கும், டயர் மேல மட்கார்டுல உரசும். சாதாரணமா பின்சீட்ல எத்தனை பேர் உக்காருவாங்க?”

கேள்வி அவ்வளவுதான். காலண்டர் வைத்திருக்கிறீர்களா என்பதுபோல் கேட்டார். பல்லக்கா பின்சீட்டைப் பார்த்தாள்.

“மூணு பேர்.”

“அப்ப அந்த மூணு பேரையும் கூட்டிட்டு வாங்க. ஏத்திப் பாத்தே மாட்டிரலாம்.”

வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் செய்தாள்.

“ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் மூணு பேரும் வாங்களேன். வண்டில உக்காந்தா போதும்.”

“எதுக்குக்கா?”

“சக்கரம் மாத்தறேன். பாரம் ஏத்திப் பாக்கணுமாம்.”

“நல்லா இருக்கே! கூடப்பிறந்தவள எடைக்கல்லாவே ஆக்கிட்ட.” தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். “ஞாயித்துக்கிழமை ரெண்டுக்கும் கிளாஸ்க்கா. இவருக்கும் ஏதோ வேலையாம். அடுத்த வாரம் பாக்கலாம், சரியா?”

“சரி, சரி. அவசரமில்ல.”

போனை வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தாள். எதையும் எழுதிப் பார்த்தால்தான் அவளுக்கு மனம் அடங்கும். தங்கை அறுபது கிலோ. பையன் முப்பத்தாறு. பெண் இருபத்தெட்டு. மொத்தம் நூற்றிருபத்துநாலு. பல் அச்சு வார்க்கும் மாவு மூட்டை ஒன்று இருபத்தைந்து கிலோ. ஐந்து மூட்டை வைத்தால் ஒரு கிலோதான் கூடும். பரவாயில்லை, கையில் பை வைத்திருப்பார்கள்.

ஞாயிறு காலை ஐந்து மூட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்சீட்டில் சாய்த்தாள். வழியில் சரியாமலிருக்க பெல்ட் போட்டாள். டயர்க்காரர் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

“இவங்கதானா உங்க ஆளுங்க? ரொம்ப அமைதியான குடும்பம்.”

“அவங்களுக்கு வேலை தம்பி. எடை ஒண்ணுதான்.”

 அவர் சுவரிலிருந்த சக்கரத்தையும் அதன் ஜோடியையும் எடுத்து வந்து பின்பக்கம் மாட்டினார். கார் திடீரென்று இளமையாகிவிட்டது. பல்லக்கா இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். இன்னும் இரண்டடி போய்ப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து நீலத்தாள் கட்டை எடுத்தாள். பல்செட் எந்த இடத்தில் இடிக்கிறது என்று பார்க்க, பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொல்லும் தாள் அது. அதைத் துண்டு துண்டாக மட்கார்டின் உள்விளிம்பில் ஒட்டினாள். டயர் லேசாகத் தொட்டால்கூடத் தாளில் ஊசித்துளை விழும்.

“எனக்கும் இதத்தான கடிக்கக் குடுத்தீங்க?” என்றார் டயர்க்காரர்.

“உங்களுக்குக் குடுத்தது எட்டுத் துண்டு. வண்டி உங்கள விடப் பொறுமைசாலி.”

தெருமுனை வேகத்தடை மீது இரண்டு முறை ஏறி இறங்கி வந்தாள். தாளை உரித்து வெயிலில் பிடித்தாள். ஒரு துளைகூட இல்லை. மூட்டை பாரத்தில் வண்டி அந்தக் காலத்து ஞாயிறுபோலவே தணிந்து, மெத்தென்று ஏறி இறங்கியதையும் கவனித்திருந்தாள். அதைத் தாளில் எழுத முடியாது.

“அப்ப இதையே போட்டுருங்க!” என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாயிருந்தது.

டயர்க்காரர் மூட்டைகளை விரலால் எண்ணினார். “அஞ்சு மூட்டை, மூணு பேர். அப்ப பசங்க இருக்கணும். என்ன வயசு?”

“பையனுக்குப் பதினாலு. பொண்ணுக்குப் பன்னெண்டு.”

“பையனுக்கு எத்தனை கிலோ போட்டீங்க?”

“முப்பத்தாறு.”

“பதினாலு வயசுப் பையனுக்கா? நோஞ்சானா அவன்?”

பல்லக்கா மனதுக்குள் கணக்கை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். தவறு எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. அவள் எழுதியது, அவர்கள் கடைசியாக அந்தக் காரிலிருந்து இறங்கிய அன்றைய எடை. வாய் அச்சு எடுத்து இரண்டு வருடம் கழித்து யாராவது பல்செட் கேட்டால், பழைய அச்சு ஆகாது, மறுபடி எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறவள் அவள்தான்.

கடை ஓரமாகப் போய் மறுபடி போன் செய்தாள்.

“பெரியவன் இப்ப எத்தனை கிலோ?”

“இன்னும் அந்தச் சக்கரத்த விடலியா நீ? போன மாசம் ஸ்கூல்ல எடுத்தாங்க, அம்பத்திநாலு. உன் தோளத் தாண்டிட்டான்க்கா. குரல் வேற உடைஞ்சு தகர டப்பா மாதிரி பேசறான்.”

“சின்னவ?”

“நாப்பத்தொண்ணு. நான் சொன்னேன்னு சொல்லிராத, கொன்னுடுவா.”

“நீ?”

“போக்கா!” தங்கை குரலைத் தாழ்த்தினாள். “அறுபத்தாறு. உனக்கு மட்டும்தான் சொல்றேன்.”

நூற்றி அறுபத்தொன்று. ஆறரை மூட்டை. இரண்டு வருடத்தில் ஒன்றரை மூட்டை அவளுக்குத் தெரியாமல் வளர்ந்திருக்கிறது.

“வேற மூட்டை இல்லியே தம்பி.”

“நான் இருக்கேனே, அறுபத்திரண்டு கிலோ. ஒரு மூட்டையை எறக்கிட்டு நான் ஏறிக்கறேன். கணக்கு சரியா வருதா?”

சரியாக வந்தது. டயர்க்காரர் மூட்டைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பல்லக்கா புதிதாகத் தாள் ஒட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. அதில் ஒரு முகம் தெரிவது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

“மெதுவா, மெதுவா. முன்னாடி சைக்கிள் வருது,” என்றார் அவர்.

பின்சீட்டில் உட்காருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். தங்கையும் சொல்வாள். “எனக்குக் கண்ணு தெரியும்,” என்று பல்லக்கா பழைய பழக்கத்தில் வெடுக்கென்று சொன்னாள். சொன்ன பிறகு சிரிப்பு வந்தது.

வேகத்தடையில் ஏறி இறங்கியபோது ‘சர்ர்’ என்றது. தாளைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் இறங்கி உரித்து வெயிலில் பிடித்தாள். வரிசையாகத் துளை. ஓரிடத்தில் கிழிந்தேயிருந்தது.

டயர்க்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பல்லக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு இது எவ்வளவு புடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியும். நாலு மாசமா நீங்க பாக்கறத நானும் பாக்கறேன். இதையே போட்டுக்குங்க. தனியா ஓட்டறதுக்கு ஒரு தொந்தரவும் இல்ல.”

“அவங்க வந்தா?”

“வந்தா மெதுவா ஓட்டிக்கலாம். என்ன, கொஞ்சம் உரசும்.”

பல்லக்கா கையிலிருந்த தாளை மடித்தாள். உரசலைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? பல்செட் எங்கேயாவது ஒரு நூலளவு உரசினால், யாரும் வந்து சண்டை போடுவதில்லை. உரசுகிறது என்று சொல்வதும் இல்லை. நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கழற்றி ஒரு டப்பாவில் போட்டு மூடிவைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். அவள் காரில் எது யாரை உரசியது என்று இரண்டு வருடமாக அவளும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அவர்கள் ஏறிய மாத்திரத்தில் ‘சர்ர்’ என்று சத்தம் வந்தால், பெண் தன் நாற்பத்தொன்றை நினைத்துக்கொள்வாள். தங்கை தன் அறுபத்தாறை நினைத்துக்கொண்டு, “பரவால்லக்கா, நாங்க எங்க வண்டிலயே வந்துடறோம்” என்பாள்.

“பதினாறுல என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

“இருக்கு. சாதாரண அஞ்சு கம்பி. பாக்க ஒண்ணும் விசேஷமில்ல. ஆனா வண்டி நெறைய ஏத்தினாலும் சத்தம் வராது.”

“அதப் போடுங்க.”

நாலும் மாட்டி, காற்று நிறைத்து முடிய மதியமாகிவிட்டது. மறுபடி அதே ஆறரை மூட்டை எடையில் வேகத்தடை. தாளில் துளை இல்லை. டயர்க்காரர் இறங்கிக்கொண்டு, இறக்கி வைத்திருந்த மூட்டையைத் திரும்ப ஏற்றினார். பெல்ட்டையும் அவரே போட்டுவிட்டார். சுவரில் பதினேழு மறுபடி அதன் ஆணிக்குப் போனது. பல்லக்கா அதைப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள்.

நேர்வழியில் வீடு பத்து நிமிடம். அவள் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனாள். வண்டி பாரமாக, அமைதியாக உருண்டது. பின்னாலிருந்து யாரும் மெதுவா என்று சொல்லவில்லை.

வாசலில் நிறுத்தி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தங்கையின் பெண்.

“பெரியம்மா, அம்மாகிட்ட என் வெயிட் கேட்டீங்களாமே? எதுக்கு?”

“வண்டிக்குடா.”

“வண்டிக்கா? நாங்கதான் அதுல ஏறறதே இல்லியே.”

குழந்தைக் குரலில் வன்மம் எதுவும் இல்லை. மழை பெய்யவில்லையே என்பதுபோல் சொன்னாள்.

“ஏறினா சரியா இருக்கணுமில்ல,” என்றாள் பல்லக்கா.

“ம்ம். சரி பெரியம்மா, அம்மா கூப்பிடறாங்க. வெச்சுடறேன்.”

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சீட்டில் படிந்திருந்த மாவை ஈரத்துணியால் மூன்று இடத்திலும் துடைத்தாள். கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். தோளைத் தாண்டிவிட்டானாம். அந்தக் கால் எங்கே மடங்கும்?

குனிந்து முன்சீட்டின் அடியிலிருந்த கம்பியைத் தூக்கி, சீட்டை முன்னால் தள்ளினாள். டக் என்று ஒரு பல் ஏறியது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, தன் முழங்காலுக்கு முன்னால் கையை வைத்து அளந்து பார்த்தாள். போதாது. இறங்கி வந்து இன்னொரு பல் தள்ளினாள். தங்கை வீட்டுக்காரருக்கு முழங்கால் இடிக்கும். இடிக்கட்டும், அவர் சொல்லிவிடுவார்.