மேலத்தெருவுக்கு வந்த பின்சுவர்

செங்கழனிப்பேட்டை செபஸ்தியார் கோவில், தனது நூற்றைம்பதாவது ஆண்டு விழாவன்று, மேலத்தெருவைப் பார்த்து நின்றது போதும் என்று கீழத்தெருப் பக்கம் திரும்பிக்கொண்டது. அந்த நேரத்தில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுவதுதான் முறை. முன்வாசலுக்கு எதிரே போட்ட மேடையில், நடுவில் ஆயருக்கான வெல்வெட் நாற்காலி. காய்ச்சல் என்று அவர் வராததால் மாலையை நாற்காலிக்கே போட்டிருந்தார்கள். அதற்கு வலப்பக்கம் விழாக்குழுத் தலைவர் ராஜாங்கம், இடப்பக்கம் பங்குச்சாமியார், ஓரத்தில் குழுவின் கடிதங்களை எழுதும் ஆல்பர்ட். கீழே முதல் வரிசையில் ராஜாங்கத்தின் மனைவி பெரியம்மாள், அவருக்குப் பின்னால் மேலத்தெரு முழுவதும், உறை போட்ட நாற்காலிகளில். கீழத்தெருக்காரர்கள் பந்தலுக்கு வெளியே, ஜெனரேட்டர் புகையில், தார்ப்பாயின் மேல். சூசை மட்டும் கோவிலுக்குப் பின்னால் கீழத்தெருவில், தன் வீட்டு வாசலில், வாடகை ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். முந்தின நாள் இறந்துபோனவர். பக்கத்தில் அவர் மனைவி சாலம்மாளும் மகள் ஷைனியும்.

அந்தக் கோவிலின் பின்சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரசங்கம் நீளும்போதெல்லாம் மேலத்தெரு ஆண்கள் எழுந்துபோய் ஒதுங்குவது அந்தச் சுவரில்தான். அப்பன் செய்தான், மகனும் செய்தான். சுவரின் கீழ்ப்பாதி மஞ்சளும் பழுப்புமாக ஊறி, உப்புப் பூத்து, மேலே புகையிலை எச்சில் வழிந்து காய்ந்திருக்கும். கீழத்தெரு வீடுகள் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அது. முதலில் மூக்கில் ஏறுவதும் அது. ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்னும் சூசை வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார். இந்த வருஷம் அவர் நோயில் படுத்துவிட்டதால் சுவர் அப்படியே கிடந்தது.

கீழத்தெருப் பிணம் முன்வாசல் ஏறக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கிவைத்து, தீர்த்தம் தெளித்து, கல்லறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சாலம்மாள் அன்று காலை ஷைனியோடு ராஜாங்கத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“ஐயா, ஒரே ஒரு தபா. முன்வாசல் வழியா உள்ள இட்டுக்கினு போயிட்டு வந்துடுறோம். அந்த மூத்திரத்துலதான் ஆயுசு பூரா நின்னாரு. பொணமாவும் அங்கியே வெக்கணுமாங்க?”

“இன்னா சாலம்மா நீ, நேரங்காலம் தெரியாம? விழா நடக்குது, பிரியாணி வெந்துக்கினு இருக்குது. ஐஸ் பொட்டிதானே, கெட்டா போயிடும்? எல்லாம் முடியட்டும், வழக்கம்போல பின்னால வெச்சிக்கலாம்.”

“எங்கப்பா கெட மாட்டாரு பெரியவரே,” என்றாள் ஷைனி. “உங்க பிரியாணிய பாத்துக்கோங்க.”

பங்குச்சாமியாரிடமும் கேட்டார்கள். அவர் குழு சொல்கிறபடி என்று சொல்லிவிட்டு, சட்டையில் குத்திய விழா ரிப்பனைச் சரிசெய்துகொண்டார்.

ராஜாங்கம் மைக்கைப் பிடித்து, இந்தக் கோவிலின் முகப்பைக் கட்டியது எங்கள் முன்னோர் என்று கையைக் காட்டியபோது அங்கே முகப்பு இல்லை. கரும்பு டிராக்டர் ரிவர்ஸ் எடுக்கும் அளவுக்குக்கூடச் சத்தம் கேட்கவில்லை. புறாக்கள் பறக்கவில்லை. சீரியல் பல்பு ஒயர்கள் மட்டும் கோபுரத்தைச் சுற்றி இறுகின. ஒன்றிரண்டு பல்புகள் வெடித்தன. மேடைக்கு எதிரே, வெயிலில் பளபளவென்று, பின்சுவர் நின்றது. அடுத்து நாற்றம் வந்தது. முதல் வரிசை முழுவதும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனது.

“ஏங்க, இன்னாங்க இது கர்மம்?” என்று கத்தினார் பெரியம்மாள். அது என்னவென்று அங்கிருந்த ஆண்கள் எல்லாருக்கும் தெரியும். சிலருக்கு எந்தக் கறை தன்னுடையது என்பதுகூடத் தெரிந்திருக்கும். இலையில் பரிமாறிய பிரியாணியை யாரும் தொடவில்லை.

அந்தப் பக்கம் கோவிலின் படிகள் சாலம்மாள் வீட்டு வாசலுக்கு நேராக இறங்கியிருந்தன. அவள் அழுகையை நிறுத்தி, எழுந்து, புடவையை இழுத்துச் செருகினாள். சூசையைச் சவப்பெட்டிக்கு மாற்றித் தோளில் தூக்கினார்கள். சாமியார் ரிப்பனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தீர்த்தச் சொம்போடு கோவிலைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

பிறகு ராஜாங்கம், வீடு தூக்கும் ஜாக்கிக்காரர்களை வரவழைத்தார். அவர்கள் கோவிலை மேற்கே திருப்பிவைத்துவிட்டுப் போனார்கள். விடிவதற்குள் அது மறுபடி கிழக்கே திரும்பியிருந்தது. பின்சுவரில் புது வாசல் வைக்கலாம் என்றார். எந்தக் கொத்தனாரும் அந்தச் சுவரில் கை வைக்கத் துணியவில்லை. கடைசியில் சுண்ணாம்பாவது அடிக்க ஆள் வேண்டுமென்று கீழத்தெருவுக்கு வந்தார்.

“அது இப்போ உங்க பக்கத்து செவுரு,” என்றாள் ஷைனி. “நீங்களே அடிச்சிக்கோங்க.”

மழைக்காலம் வந்ததும் நாற்றம் ஜாஸ்தியானது. மேலத்தெருக்காரர்கள் ஜன்னல்களைப் பலகை அடித்து அடைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழத்தெரு வழியாகச் சுற்றிவந்து படியேறப் பழகினார்கள். பஸ் கண்டக்டரும் நிறுத்தத்தை, “கீழத்தெரு கோவிலு எறங்கு!” என்றே கூவ ஆரம்பித்தார்.

ஆல்பர்ட் ஆயருக்கு விழா அறிக்கை எழுதினார். பூசை சிறப்பாக நடந்தது, சாப்பாடு மீந்தது, கோவில் திரும்பியது, சூசையின் அடக்கப் பூசை உள்ளே நடந்தது என்று வரிசையாக எழுதினார். கோவிலைப் பழையபடி திருப்ப அனுமதி கேட்கும்படி ராஜாங்கம் சொல்லியிருந்தார். ஆல்பர்ட் அதை எழுதவில்லை. அனுப்புநர் இடத்தில் கோவில் முகவரியைக் கை பழக்கத்தில் ‘மேல’ என்று தொடங்கி, அடித்து, ‘கீழத்தெரு’ என்று எழுதினார். உறையை நாக்கால் நனைத்து ஒட்டப் போனவருக்கு, ஜன்னல் இடுக்கு வழியாக வந்த வாடையில் வாய் திறக்க முடியவில்லை. சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவரைக் கடந்து, கோவில் வாசலில் இருந்த தபால் பெட்டியில் போட்டார்.