மடிப்பு போன சீட்டு

எங்கள் சபையின் வாசலுக்கு மேலே, சுவரில் மூன்று வரிகள் எழுதியிருக்கின்றன. உண்மையே பேசுவோம். நம்பிச் சொன்னதைக் காப்போம். வருகிறவர் எவரானாலும் வரவேற்போம். இவற்றை முடிவு செய்யப் பதினொரு கூட்டம் போட்டோம். அப்போது குடித்த தேநீரில் ஒரு கப்பலையே மிதக்க விட்டிருக்கலாம். கூட்டத்தில் அதிகம் கத்தியவன் நான். ஒரே இஸ்திரிப் பெட்டியால் அந்த வரிகளைப் பொசுக்கப் பார்த்தவனும் நானேதான்.

ஜெபப் பெட்டியில் விழும் வேண்டுதல் சீட்டுகளைத் தட்டச்சு செய்து, ஞாயிற்றுக்கிழமைத் தாளாக அச்சடிப்பது ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பதவி. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூலை மடித்த சீட்டு போதகருக்கு மட்டும். அது தாளில் ஏறக் கூடாது.

அந்த வாரம் ஜன்னல் வழியே சாரல் அடித்துப் பெட்டி ஊறிப்போனது. எல்லாச் சீட்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய் இஸ்திரி போட்டேன்.

“கட்டுன நாள்லேருந்து ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டதில்ல. காகிதத்துக்குப் போடுறாரு பாரு!” என்றாள் வீட்டுக்காரி.

சீட்டுகள் புது மாப்பிள்ளை போல விறைப்பாக நின்றன. தட்டச்சு செய்தேன். முப்பத்தாறு வருஷ அலுவலகப் பழக்கத்தில் எழுத்து கண்ணிலிருந்து நேரே விரலுக்குப் போய்விடும். நடுவில் மூளையில் நிற்காது.

ஞாயிறு காலை, ஆராதனைக்கு இருபது நிமிஷம். சபை அறையில் சீட்டுகளை அடுக்கும்போது ஒன்றின் மூலையில் மெல்லிய கோடு தெரிந்தது. மடிப்பின் தடம். அப்போதுதான் அதை முதல்முறையாகப் படித்தேன்.

‘வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்கிற என் கணவருக்கு வேலை போய் நாலு மாதம். இன்னும் என்னிடம் சொல்லவில்லை. தினமும் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அவராகவே சொல்ல அவர் மனதைத் திடப்படுத்தும், ஆண்டவரே.’

என் நெஞ்சு அடித்த அடிக்கு வாத்தியக்காரர் தாளம் மாற்றியிருப்பார். தாள் அறுபதும் யார் கையில்? வாசலில் நிற்கும் அதே கணவனிடம். அரைமணி முன்னால் நானே கொடுத்தது!

ஓடினேன். என் முழங்காலுக்கு அந்த ஓட்டம் இன்றுவரை ஞாபகம் இருக்கிறது. அவர் முக்கால்வாசியைக் கொடுத்து முடித்திருந்தார்.

“தம்பி, தாளையெல்லாம் திருப்பிக் குடு. நீ படிச்சியா?”

“எனக்கெங்க அங்கிள் நேரம்? வணக்கம் சொல்லியே வாய் வலிக்குது. ஏன், எழுத்துப் பிழையா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் அவர் தலைக்கு மேலேயே முதல் வரி என்னை முறைத்தது.

“பிழை என்னோடது. ஒருத்தர் ரகசியமா எழுதினதை அச்சடிச்சிட்டேன்.”

அவர் முகம் சுருங்கியது. “ஐயோ பாவம், யாரோ! நீங்க நில்லுங்க, நான் வாங்கிட்டு வர்றேன்.”

வரிசை வரிசையாகப் போனார். “படிக்காதீங்க, அப்படியே குடுங்க. ஒருத்தரோட மானம்.” வழக்கமாகப் பேசிக்கொண்டே இருக்கும் எங்கள் ஜனங்கள் நல்லவேளை அன்றும் பேசிக்கொண்டே இருந்தார்கள், தாள்கள் விசிறியாகத்தான் பயன்பட்டிருந்தன. தன் ரகசியத்தையே அந்த மனிதர் ஊரிடமிருந்து பிடுங்கிக் காப்பாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எண்ணினேன். ஐம்பத்தொன்பது.

மறுபடி எண்ணினேன். அதே ஐம்பத்தொன்பது. யார் கையில் அந்த ஒன்று?

மூன்றாவது பெஞ்சில் அவர் மனைவி. தாள் மடியில் விரிந்திருந்தது. படித்துவிட்டாள். பார்வை என்மேல் நின்றது, பொசுங்கிப் போனேன்.

“உன்கிட்டதான் இருக்கா? குடும்மா,” என்று கை நீட்டினார் கணவர். “யாரோ நம்பி எழுதினாங்களாம்.”

அவள் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவர் திரட்டித் தந்து என் கையில் இருந்த கட்டைப் பார்த்தாள். தாளின் மூலையை நிதானமாக மடித்து நீட்டினாள்.

“நீங்க மட்டும் படிங்க.”

“அங்கிள் படிக்கக் கூடாதுன்னு...”

“எழுதினவ சொல்றேன். படிங்க.”

நின்றபடியே படித்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் குனிந்து, “மன்னிச்சிரும்மா, இஸ்திரி போட்டதுல மடிப்பு போயிருச்சு,” என்றேன்.

“இனிமே அந்த ஜெபப் பெட்டியத் தொடாதீங்க அங்கிள்,” என்றாள். சிரிக்கவில்லை.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “எப்பத்திலேருந்து தெரியும்?”

“ரெண்டாவது வாரத்திலேருந்து. சாப்பாட்டு டப்பா கழுவி வந்துச்சு. ஆபீஸ்ல இருந்தப்ப ஒரு நாளாவது கழுவினீங்களா?”

வெளியே யாரோ தாமதமாகப் படியேறும் சத்தம். வாசலில் ஆளில்லை. நான் போய் நின்று, கையை நீட்டி, “வாங்க, வாங்க” என்றேன்.