மாடத்தியின் கடைவாய்ப் பல்

முத்துக்கருப்பன் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இருபது வருஷத்தில் மூன்று விபத்துகளைப் பார்த்தவன். மருந்து அறையில் புகை கிளம்பினால் யாரை முதலில் தூக்குவது, எந்தப் பாதையில் வண்டியை விடுவது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பல்வலியில் ஒரு உயிர் போகும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

அவன் மனைவி மாடத்தி அதே கம்பெனியில் திரி செருகுகிறவள். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில் அவளுக்குக் கடைவாய்ப் பல் குடைய ஆரம்பித்தது. கிராம்பைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டாள். சீசன் முடிந்ததும் பிடுங்கிக்கொள்ளலாம் என்று அவனும் சொன்னான், அவளும் சொன்னாள். ஐந்தாம் நாள் வலி சட்டென்று நின்றுவிட்டது. “விட்டுருச்சுங்க” என்று சந்தோஷமாக வந்து சொன்னாள்.

மறுநாள் தாடைக்கு அடியில் வீங்கியது. சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் கல் மாதிரி இறுகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் தொட்டுப் பார்த்து, “இது பொன்னுக்கு வீங்கி. பொன்னு போட்டா வடிஞ்சிரும்” என்று தன் சங்கிலியைக் கழற்றி மாடத்திக்குப் போட்டுவிட்டாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார்கள். வலிதான் நின்றுவிட்டதே, பல்லைப் பற்றி யாருக்கும் நினைப்பே வரவில்லை.

விடிந்ததும் முத்துக்கருப்பன் வேலைக்குக் கிளம்பினான். மாடத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. கஞ்சி அப்படியே இருந்தது. வாயோரம் ஒழுகிய எச்சிலை முந்தானையால் துடைத்தபடி, “படுத்தா மூச்சு முட்டுதுங்க. இன்னைக்கு லீவு போடுறீகளா?” என்றாள். பேச்சு குழறியது.

“என்ன புள்ள, வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டா பேசுறே?” என்று சிரித்தான். “ரெண்டு லோடு ஏத்தணும். மத்தியானம் வந்துர்றேன், டாக்டர்ட்ட போவோம்.”

அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

பதினோரு மணிக்குச் சோலையம்மாளிடமிருந்து போன் வந்தது. அவன் ஓடிவந்தபோது மாடத்தி முன்பக்கம் குனிந்து, வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். நாக்கு மேலே தள்ளியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸில் அவன் கையை விடாமல் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பும்போது அந்தப் பிடி தளர்ந்தது. உள்ளே கொண்டுபோய், கழுத்தைக் கீறிக் குழாய் வைத்துப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. “எச்சில் எப்ப இருந்து முழுங்க முடியலை?” என்று கேட்டாள்.

“காலையில இருந்தும்மா.”

“பல்லுல பிடிச்ச சீழ் கழுத்துக்குள்ள இறங்கிருச்சுய்யா. பல்லு செத்துப்போனா வலி நின்னுரும், சீழ் நிக்காது. பல்வலியோட வீக்கம் வந்தாலே காட்டிரணும். தாடைக்கு அடியில வீங்கி, முழுங்க முடியாம, பேச்சு மாறிருச்சுன்னா ஒரு நிமிஷம்கூட வீட்டுல வச்சிருக்கக் கூடாது.” அவள் திட்டவில்லை.

பேச்சு மாறியதை அவன் கேட்டிருந்தான். கேட்டுச் சிரித்திருந்தான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள், திரி செருகும் பொன்மணி கன்னம் வீங்கி வேலைக்கு வந்தாள்.

“பல்வலிதாண்ணே. மாத்திரை போட்டிருக்கேன்.”

“எந்திரி.”

“ஆர்டர் நிக்குதுண்ணே.”

“நிக்கட்டும். ஏறு வண்டியில.”

வழியெல்லாம், “எச்சி முழுங்க முடியுதா? மூச்சு முட்டுதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவள் பதில் சொல்லிச் சலித்துப்போனாள். பல் டாக்டர் அறைக்குள் அவளை அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். எது வந்தாலும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அரை மணி நேரத்தில் பொன்மணி வெளியே வந்தாள், வாயில் பஞ்சுடன்.

“பல்லப் பிடுங்கி, சீழ எடுத்துட்டாகண்ணே. மாத்திரை எழுதிக் குடுத்திருக்காக. வாங்க, போவோம்.”

“அம்புட்டுதானா?”

“அம்புட்டுதாண்ணே.”

எழுந்தான். திரும்ப உட்கார்ந்தான். “அரை மணி நேரம்தானா?” என்றான். துண்டை வாயில் அழுத்திக்கொண்டான். அப்படியும் சத்தம் வெளியே வந்தது. காத்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பொன்மணி என்ன செய்வதென்று தெரியாமல், பஞ்சைக் கடித்தபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.